நாற்பத்திரண்டு ஸ்டூல்களும் ஒரு கையெழுத்தும்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டவை பதினான்கு ஸ்டூல்கள். விற்பனை மேடைக்குப் பின்னால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டடி இடைவெளி விட்டு, வரிசையாக வைத்திருந்தார்கள். இருக்கையைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளை பெயிண்டில் ஓர் எண் இருந்தது. எண் போடச் சொன்னது நான்தான். எல்லாத் தளங்களிலும் சேர்த்து நாற்பத்திரண்டு. எண்ணினேன், கைபேசியில் படம் எடுத்தேன், ஒன்பது இருபத்தைந்துக்குக் கீழே இறங்கிவிட்டேன். கடை திறக்கும் நேரம் ஒன்பதரை.

பிரிக்காத உறையைப் பார்த்தேன். அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை. வக்கீல் ஆவதற்கு முன் ஆறு ஆண்டுகள் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவள் நான். அந்த நாட்களில் என்றால், அந்த உறையை வைத்தே ஒரு செய்தி எழுதியிருப்பேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்சிக்காரருக்குச் சொன்ன ஆலோசனைக்காக வக்கீலையே விசாரணைக்கு அழைக்கலாமா என்ற கேள்வி அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சில விதிவிலக்குகள் தவிர அழைக்கக் கூடாது என்று பதில் வந்தது. நம் சங்கத்தில் அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு பாதுகாப்பது கட்சிக்காரர் நம்மை நம்பிச் சொன்னதையும் நாம் அவருக்குச் சொன்னதையும். நாம் பார்க்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டதை எந்தத் தீர்ப்பும் பாதுகாக்காது. நான் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டேன்.

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை வசதி வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள் அல்லவா, அதைப் பற்றிய கதை இது. சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஜவுளிக்கடைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பணியாளர்களுக்கு இருக்கை இல்லை என்று புகார், விளக்கம் தரவும் என்று இருந்தது. கடை முதலாளியை நான் இருபது ஆண்டுகளாக அறிவேன். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடும், நானும் அப்படித்தான். வேலை பார்க்கும் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு கடையிலேயே போடுபவர். சட்டத்தை ஏய்க்கிற ஆள் இல்லை.

"வாங்கிப் போட்டுருவோம் வக்கீலம்மா. எத்தன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஆளுக்கு ஒண்ணு."

மூன்றே நாளில் வாங்கிப் போட்டார். நான் போய் எண்ணிவிட்டு வந்து பதில் எழுதினேன். ஸ்டூல்களின் எண்களையும் தளங்களையும் பட்டியலாக்கி, படங்களை இணைத்து, கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'பணியாளர்கள் அனைவரும் மேற்படி இருக்கைகளைப் பயன்படுத்தி வருகிறார்கள்.' அந்த வாக்கியத்தை எழுதும்படி யாரும் கேட்கவில்லை. பதில் நிறைவாக இருக்க வேண்டும் என்று நானே எழுதினேன். கீழே, உரிமையாளருக்காக என்று என் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து, ஆடித் தள்ளுபடி தொடங்கிய சமயத்தில், அண்ணாச்சி பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கையில் தொழிலாளர் துறையின் இரண்டாவது கடிதம். கடையில் ஸ்டூல்கள் இருக்கின்றன, ஆனால் வேலை பார்க்கும் ஒருவரும் அவற்றில் உட்காருவதில்லை, உங்கள் பதில் உண்மைக்கு மாறானது என்று பெயர் போடாத புது மனு ஒன்று வந்திருப்பதாகவும், ஏழு நாளில் விளக்கம் வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

"எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். "மூணாம் மாடி பட்டு செக்சன்ல நிக்காள்லா, அவதான்."

அந்தப் பெண்ணை இங்கே முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. சீவலப்பேரிக்காரர். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர். அந்தக் கடையில் பதினோராவது ஆண்டு.

"அவங்கதான்னு யாரு சொன்னது அண்ணாச்சி?"

"சூப்பர்வைசர் சொல்லுதான். அவளுக்குத்தான் முட்டுவலி. டாக்டர் சீட்டக் காட்டி லீவு கேட்டவ அவ ஒருத்திதான். வேற யாருக்கு ஸ்டூல் நெனப்பு வரும்? எம் மக கல்யாணத்துல ஓடி ஓடிப் பந்தி பரிமாறினவ வக்கீலம்மா. அவ இப்படிச் செய்யலாமா?"

சாட்சியம் முட்டுவலி.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வான்னு அவகிட்ட சொல்லியாச்சு. பொய்ப் புகார் குடுத்ததுக்கு உன்னைய நீக்கியாச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. காலைல ஆள் அனுப்புதேன்."

அவர் போன பிறகு தட்டச்சில் தேதி, அனுப்புநர், பெறுநர் வரை எழுதினேன். அடுத்தது குற்றச்சாட்டு. 'பொய்ப் புகார்' என்று எழுத வேண்டும். அது பொய் என்று எனக்குத் தெரியுமா? ஸ்டூல்கள் இருப்பதை நான் பார்த்தேன். யாராவது அவற்றில் உட்கார்ந்து பார்த்தேனா? விரல் அங்கேயே நின்றுவிட்டது.

உங்களில் யாருக்கும் தோன்றக்கூடிய ஒரு வழி எனக்கும் தோன்றியது. இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சொல். உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். வாய்ப்பு கிடைக்கவில்லை என்றால் அதற்கு முதலாளி என்ன செய்வார்? இதை வைத்துக்கொண்டு நல்ல பதில் ஒன்று எழுதலாம், ஒருவேளை எடுபடவும் செய்யும். ஆனால் நான் முதலில் எழுதிக் கொடுத்த வாக்கியம் அதுவல்ல.

மாலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். ஜங்ஷன் பாலத்தில் இருபது நிமிடம் நின்றது. கடைக்குள் நுழைந்தபோது ஆறு இருபது. தரைத்தளத்தில் கல்லாவில் இருந்த அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு கூட்டம்.

மூன்றாம் மாடியில் பட்டு மேடைக்கு முன் போய் நின்றேன். பெயரும் எண்ணும் எழுதிய அட்டையைச் சேலையில் குத்தியிருந்த, உயரமான, கண்ணாடி போட்ட ஒரு பெண், மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, என் பக்கம் வைத்தார்.

"இருங்கம்மா. நின்னுக்கிட்டே எப்படிச் சேலை பாப்பீய?"

உட்கார்ந்தேன். கைப்பையைக் கீழே வைக்கக் குனிந்தபோது ஸ்டூலின் காலில் இருந்த எண் தெரிந்தது. இருபத்தொன்பது. என் பட்டியலில் 'மூன்றாம் மாடி, பணியாளர் இருக்கை' என்று நான் எழுதிய ஸ்டூல். சுற்றிலும் பார்த்தேன். பதினான்கு ஸ்டூல்களும் மேடைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தன. ஒன்றில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றில் குழந்தையை உட்கார வைத்து முறுக்கு கொடுத்திருந்தார்கள். மற்றவற்றில் சேலை எடுக்க வந்த பெண்களின் வீட்டுக்காரர்கள் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பதினான்கு பெண்கள் நின்றார்கள்.

அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். நான் பணிநீக்கக் கடிதம் எழுத வேண்டிய முத்துலட்சுமி இவர்தான்.

"நீங்க உக்காரலையா?" என்று கேட்டேன்.

"நாங்களா? நல்லா கேட்டீய போங்க." சிரித்தார். "வாங்க வந்தவுக நிக்கையில நாங்க உக்காந்தா வந்தவுகள மதிக்கலன்னு ஆயிராதா? ஒருத்தரும் சொல்லித் தர வேண்டாம். நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா நாற்காலிய யாருக்குப் போடுவீய?"

"உட்காரக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காங்களா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. உக்காருங்கன்னும் சொல்லல." ஒரு பச்சைச் சேலையை விரித்தவர், கை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அன்னைக்குக் காலம்பற வந்து எண்ணிட்டுப் போனவுகதான?"

"ஆமா."

"அதான பாத்தேன். நீங்க எறங்கி வரையில நாங்க எல்லாரும் மாடிப்படியில ஒதுங்கி நின்னோம். நீங்க செல்போனப் பாத்துட்டே போயிட்டீய. ஸ்டூல எண்ணுனீய, எங்கள எண்ணலியே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போம்லா."

பக்கத்தில் நின்ற பெண் அவர் முழங்கையை இடித்தாள். "ஏக்கா, பைய பேசு. சூப்பர்வைசர் இங்கனதான் பாக்கான்."

"பாக்கட்டும். நாளைக்கு என்னைய ஆபீசுக்குக் கூப்புட்டிருக்காவ. செக்சன் பொறுப்ப எனக்குத் தரப் போறாவன்னு நீதான சொன்ன? பொறுப்புக்காரி நாலு பேர்ட்டப் பேசத்தான் செய்வா." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முத்துலட்சுமி என் பக்கம் திரும்பினார். "இந்தப் பச்சை ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்மா. பாடர் மட்டும் சின்னதா வேணும்னா சொல்லுங்க."

நாளைக்கு எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கட்சிக்காரரின் ரகசியம், சொல்ல முடியாது. பச்சைச் சேலையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அவர்தான் மனு எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டால், அண்ணாச்சி கேட்கும்போது ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது மறைக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இருப்பதே மூன்று பேருக்கும் நல்லது என்று பட்டது. இளம் வயதில் நமக்கு எல்லாவற்றையும் கேட்டுவிடத் தோன்றும். கேட்காமல் விட வேண்டியது எது என்று தெரிவதற்கு எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

கல்லா அருகே போய், "அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம் மூணாம் மாடிக்கு வரணும்" என்றேன்.

"ஆடிக் கூட்டத்துல கல்லாவ விட்டுட்டா? வெளாடுதீயளா?"

"லெட்டர் எழுதணும்னா நீங்க பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வந்தார். கூட்ட நேரத்தில் அவர் மாடிக்கு வந்தே பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அவரைக் கண்டதும் பெண்கள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். ஸ்டூலில் இருந்த ஒருவர் சட்டென்று எழுந்து, "அண்ணாச்சி, நீங்க இருங்க" என்று தன் ஸ்டூலைத் தள்ளினார். அண்ணாச்சி உட்காரவில்லை. தூங்கும் பெரியவரைப் பார்த்தார், முறுக்குத் தின்னும் குழந்தையைப் பார்த்தார். பிறகு மேடைக்குப் பின்னால் பார்த்தார்.

"ஏளா, இது உங்களுக்குன்னுதான வாங்கிப் போட்டேன்? நீ ஏன் நிக்க? உக்காரு."

முத்துலட்சுமி அசையவில்லை. "நீங்க நிக்கீயளே அண்ணாச்சி."

சேலை பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. லிஃப்டை விட்டுவிட்டுப் படிவழியே ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பின்னால் போனேன்.

தரைத்தளத்தில் அவருடைய சிறிய அறைக்குள் வந்ததும் குரல் உயர்ந்தது. "இப்ப என்ன செய்யணுங்கீய? ஆபீசர்ட்டப் போயி, நாங்க எழுதிக் குடுத்தது தப்புன்னு சொல்லணுமா? வக்கீல் வச்சு என் தலையில நானே மண்ணள்ளிப் போடவா?"

"உங்க தப்புன்னு எழுத வேண்டாம். நான் நேர்ல பாக்காம எழுதிட்டேன்னு என் பேர்லயே எழுதுதேன்."

"உங்க பேரு கெட்டுராதா?"

"கெடும்."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுதான். கட்சிக்காரர் சம்மதம் இல்லாமல் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். விலகினால் நாளைக் காலை வேறு ஒரு வக்கீல் அந்தக் கடிதத்தை அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பார். முத்துலட்சுமிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் அந்த அறையை விட்டு நகராமல் இருந்தேன்.

"மனுவில எழுதியிருக்கிறது நெசம் அண்ணாச்சி. இப்ப கண்ணால பாத்துட்டீய. இனி பொய்ப் புகார்னு நான் எப்படி எழுத? நெசத்தச் சொன்னதுக்கு ஒரு ஆள நீக்கினா அடுத்த கடுதாசி லேபர் ஆபீசுலேர்ந்து வராது. கோர்ட்டுலேர்ந்து வரும்."

"அப்ப அவதான எழுதினா?"

"எனக்குத் தெரியாது. நான் கேக்கல. நீங்களும் கேக்காதீய."

வெளியே யாரோ பில் போடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, முதல் முறையாகக் குழப்பத்தோடு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வான்னு சொல்லிட்டேனே. வந்து நின்னா என்னத்தச் சொல்ல?" என்றார்.

"கடைக்கு வாரவுகளுக்கு எங்கன பெஞ்சு போட்டா ஸ்டூல் அவங்கவங்க கிட்டயே இருக்கும்னு கேளுங்க. பதினோரு வருசமா அங்கன நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாள் நடந்ததை அண்ணாச்சி போனில் சொன்னார். முத்துலட்சுமி ஒவ்வொரு தளத்துக்கும் பெஞ்சு போடும் இடத்தைச் சுவரோடு சுவராகக் காட்டினாராம். கூடவே ஒன்றைச் சொன்னாராம்: "பெஞ்சு போட்டாலும் காலைல சாமி கும்பிடையில நீங்களே வாய்விட்டுச் சொன்னாத்தான் அண்ணாச்சி உண்டு. இல்லன்னா ஒருத்தியும் உக்கார மாட்டா." அண்ணாச்சி சொன்னார். முதல் இரண்டு நாளும் யாரும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவர் மத்தியானம் மாடிக்குப் போய், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உட்கார வைத்துவிட்டு வந்தாராம். "பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஆயிட்டேன் வக்கீலம்மா" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். செக்சன் பொறுப்பு முத்துலட்சுமிக்குக் கிடைக்கவில்லை. அது வேறு ஒருவருக்குப் போனது.

திருத்தப் பதிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பணியாளர்கள் இருக்கைகளைப் பயன்படுத்தி வருகிறார்கள் என்று முன்பு எழுதியது சரியல்ல. கடை திறக்கும் முன் பார்த்துவிட்டு, பணியாளர்களைக் கேட்காமல், நான் எழுதியது' என்று இருந்தது. உதவி ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். அவருக்கு என் மகன் வயது இருக்கும். "அப்ப எத்தனை மணிக்கு மேடம் நான் ஆய்வுக்கு வரணும்?" என்று கேட்டார். மாலை ஆறு மணிக்கு என்றேன். அவர் அப்படியே ஒரு நாள் ஆறு மணிக்கு வந்தார், பார்த்தார், கோப்பை முடித்தார்.

பலன் எனக்கும் வந்தது. வக்கீலே தப்பை எழுதிக் கொடுக்கிறார் என்று நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் பேச்சு நடந்தது. ஓர் அரிசி ஆலைக்காரர் தன் கட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் வக்கீல் வாய் திறக்கக் கூடாது என்று நினைக்க அவருக்கு உரிமை உண்டு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். என் பிழையைச் சிரித்துக்கொண்டே முகத்துக்கு நேராகச் சொன்ன முத்துலட்சுமி முதல் ஆள். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு அனுமதி தந்த அண்ணாச்சி இரண்டாவது. அவர் அன்று முடியாது என்று சொல்லியிருந்தால் இதை உங்களுக்குச் சொல்லவே முடிந்திருக்காது. இப்போதும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எந்த நேரத்தில் வரவேண்டும் என்று கேட்ட அந்த இளைஞர் மூன்றாவது. அந்த ஒரு கேள்வியை நான் முதலிலேயே என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் காலத்தில் இந்த வேலை இன்னும் கூடும். தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. படிவம் பல, கெடு குறைவு. கடை முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் உங்களிடம் வந்து, எல்லாம் செய்தாச்சு, எழுதிக் கொடுங்கள் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். வாங்கிப் போட்டதைச் சொல்வார்கள். அது யார் கைக்குப் போகிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். கூட்டமான நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். யாருக்காக அந்தச் சட்டம் வந்ததோ அவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள். அதன் பிறகு எழுதுங்கள். தெரியாததை எழுதாதீர்கள், பதில் நிறைவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நான் தொழிலை விட்டு ஒதுங்குவதற்கு முன் அந்தக் கடைக்குச் செய்த கடைசி வேலை, வேலை பார்க்கும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தயாரித்தது. புதிய சட்டத் தொகுப்பு அதைக் கட்டாயமாக்கியிருந்தது. இந்த முறை ஒவ்வொருவரிடமும் பேசி, சேர்ந்த நாளைக் கேட்டு எழுதினேன். முத்துலட்சுமி தன் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடிக்காமல் ஒரு சேலை அட்டைப்பெட்டிக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். பதின்மூன்று ஆண்டுகளில் அந்தக் கடை அவர் பெயருக்குக் கொடுத்த முதல் கடிதம் அது.